மழையில் தார்ச்சாலையில் 4எச் போடலாமா?

வெறும்பாரம்:
என்னுடையது பிக்கப். பார்ட் டைம் ஃபோர் வீல் டிரைவ், அதாவது வேண்டும்போது மட்டும் நாலு சக்கரமும் இழுக்கும். 2எச் (பின்சக்கரம் மட்டும்), 4எச் (நாலு சக்கரமும், சாதாரண வேகத்துக்கு), 4எல் (நாலு சக்கரமும், மெதுவாக அதிக இழுவைக்கு) மூன்றும் உண்டு. மழையில் பின்னால் பாரம் இல்லாமல் போகும்போது, சிக்னலில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தாலே பின்சக்கரம் வழுக்கி வால் ஆடுகிறது. 4எச் போட்டால் கப்பென்று பிடித்துக் கிளம்புகிறது. ஆனால் வண்டியோடு வந்த கையேட்டில் தார்ச்சாலையில் போடக்கூடாது என்று இருக்கிறது. நனைந்த சாலையுமா? நண்பர் ஒருவர் தூறல் விழுந்தாலே போட்டுவிடுவார், இதுவரை ஒன்றும் ஆகவில்லை என்கிறார்.

கியர்ப்பல்:
ஈரமாக இருந்தாலும் தார் தார்தான். காய்ந்த தாரில் டயரின் உராய்வு ஏறத்தாழ 0.8 என்றால் நனைந்ததில் 0.5 அளவுக்கு இருக்கும், பனிக்கட்டியில்தான் 0.1க்கு இறங்கும். அதாவது மழையிலும் டயர் நன்றாகவே பிடிக்கிறது, அதுதான் சிக்கல். உங்கள் வண்டியில் சென்டர் டிஃபரன்ஷியல், அதாவது முன்னும் பின்னும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் கியர் அமைப்பு, கிடையாது. 4எச் போட்டதும் சக்கரங்களுக்கு இன்ஜின் சக்தியைக் கொண்டுபோகும் முன் புரொப்பெல்லர் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றியாக வேண்டும். வளைவில் முன்சக்கரம் பின்சக்கரத்தைவிட அதிக தூரம் போகிறது இல்லையா, அந்த வித்தியாசத்தை ஏதாவது ஒரு டயர் வழுக்கித்தான் தீர்க்க வேண்டும். மண்ணில் தானாக வழுக்கிவிடும். தாரில் வழுக்காமல் ஷாஃப்ட், சக்தியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் எல்லாம் முறுக்கேறி நிற்கும். ஒரு யூ டர்ன் எடுத்துப் பாருங்கள், ஸ்டீயரிங் கனக்கும், வண்டி பிரேக் பிடித்த மாதிரி இழுக்கும், டயர் விட்டுவிட்டுத் துள்ளும். அப்புறம் 2எச்சுக்கு மாற்றினாலும் லீவர் வராது. அப்போது நேராக நாலைந்து மீட்டர் ரிவர்ஸ் எடுங்கள், முறுக்கு விட்டுவிடும்.

நாலுகால்:
எல்லா வண்டிக்கும் இது பொருந்தாது. மிட்சுபிஷியின் சூப்பர் செலக்ட் என்ற ஃபோர் வீல் டிரைவ் அமைப்பில் 4எச் போட்டால் சென்டர் டிஃபரன்ஷியல் திறந்தே இருக்கும், காய்ந்த சாலையிலும் ஓட்டலாம். எப்போதும் நாலு சக்கரமும் இழுக்கும் ஃபுல் டைம் வண்டிகளும் அப்படித்தான். மாருதி ஜிம்னி, மஹிந்திரா தார் போன்ற வண்டிகள் உங்கள் ரகம். எது என்று தெரியாமல் பக்கத்து வண்டிக்காரர் சொன்னதைக் கேட்டால் வம்பு.

மேட்டுப்பாதை:
நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். கொட்டுகிற மழை, நேரான சாலை, தார்மேல் சேறு படிந்திருக்கிறது என்றால் நான் 4எச் போடுவேன், வளைவோ பார்க்கிங்கோ வருவதற்கு முன் எடுத்துவிடுவேன். போட்டால் வேகமாகப் போகலாம் என்று நினைப்பவர்களைத்தான் கண்டால் பயம். கிளம்ப உதவும், நிற்க உதவாது. பிரேக் எல்லா வண்டிக்கும் நாலு சக்கரத்திலும்தான் இருக்கிறது. தேங்கின தண்ணீரில் டயர் மிதக்க ஆரம்பித்தால் நாலும் சேர்ந்து மிதக்கும், அவ்வளவுதான்.

கியர்ப்பல்:
சேறு என்றால் சரி, ஒத்துக்கொள்கிறேன். @வெறும்பாரம், டயர் பட்டன், அதாவது பள்ளத்தின் ஆழம், எவ்வளவு மிச்சம் இருக்கிறது? அதைச் சொல்லுங்கள் முதலில்.

வெறும்பாரம்:
இப்போதுதான் அளந்தேன். முன்னால் 6 மில்லிமீட்டர், பின்னால் இரண்டரை.

கியர்ப்பல்:
அப்படிப் போடுங்க! வால் ஆடுவதற்குக் காரணம் அங்கேயே இருக்கிறது. 1.6 வரை ஓட்டலாம் என்று பல நாட்டுச் சட்டம் சொன்னாலும், 3க்குக் கீழே போனாலே ஈரத்தில் பிடிப்பு நன்றாகக் குறையும். இன்னொன்று, முன்னும் பின்னும் மூன்றரை மில்லிமீட்டர் வித்தியாசம் என்றால் சுற்றளவில் கிட்டத்தட்ட ஒரு சதவீதம். 4எச்சில் நேராகப் போனாலே கிலோமீட்டருக்கு ஒன்பது பத்து மீட்டர் வித்தியாசத்தை டிரான்ஸ்ஃபர் கேஸ் தாங்க வேண்டும், வளைவே தேவையில்லை. பின்டயர் இரண்டையும் மாற்றுங்கள், முன்னால் இருப்பதும் பெரிதாகத் தேயவில்லை. அதுவரை ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதியுங்கள், மேனுவல் கியர் வண்டி என்றால் இரண்டாம் கியரில் கிளம்பிப் பாருங்கள், பின்னால் நன்றாகக் கட்டிய நாலு மணல்மூட்டை போட்டாலும் போதும்.