திராட்சை ஒயின் பாதியில் நின்றுவிட்டது, வழி சொல்லுங்கள்

வணக்கம். வீட்டில் முதல்முறையாகத் திராட்சை ஒயின் போட்டிருக்கிறேன். கையால் பிசைந்த கறுப்புத் திராட்சை, சர்க்கரை, ஒயினுக்கென்றே விற்கும் ஈஸ்ட், 5 லிட்டர் ஜாடி. எல்லாவற்றையும் கிருமிநீக்கம் செய்துதான் தொட்டேன்.

முதல் நான்கு நாள் பார்க்கவே ஆசையாக இருந்தது. தோலெல்லாம் மேலே தடித்த ஆடை போல மிதக்கும். கரண்டியால் அமுக்கினால் புஸ்ஸென்று நுரை பொங்கும். அப்புறம்தான் சிக்கல். தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர் (சாற்றின் அடர்த்தியைக் காட்டும் கருவி; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற எண் இறங்கும்) 1.090 காட்டியது. எட்டாம் நாள் 1.030. மூன்று நாளாக அங்கேயே நிற்கிறது. ஆல்கஹால் கிட்டத்தட்ட 8 சதவீதம் வந்திருக்கும், ஆனால் நாக்கில் வைத்தால் இன்னும் பாகு மாதிரி இனிக்கிறது. 1.000க்குப் பக்கத்திலாவது இறங்க வேண்டாமா? இப்படியே பாட்டிலில் அடைத்தால் உள்ளே மறுபடி நொதித்து வெடித்துவிடும், அதனால் அடைக்கவில்லை.

எனக்கு இரண்டு சந்தேகம். இரவில் அறை 15 டிகிரிக்கு இறங்குகிறது. ஈஸ்ட் குளிரில் தூங்கிவிட்டதோ? இன்னொன்று, மூடியைத் திறந்தால் லேசாக அழுகிய முட்டை வாசம். ஈஸ்ட்டுக்குச் சத்து போதாவிட்டால் அந்த வாசம் வரும் என்பார்கள்.

இதைச் செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்: ஜாடியைச் சூடான இடத்துக்கு மாற்றிவிட்டுக் காத்திருந்தால் போதுமா, புது ஈஸ்ட்டைத் தனியாக உயிர்ப்பித்துச் சேர்க்க வேண்டுமா? ஈஸ்ட் சத்தை இவ்வளவு தாமதமாகப் போடலாமா? தோலை இப்போதே வடித்துவிடட்டுமா? நிறம் அருமையாக வந்திருக்கிறது, கொட்ட மனசே இல்லை.