‘கண்ணுக்குக் கண்’: வசனத்தை மாற்றியது தல்முத்தா, மலைப்பிரசங்கமா?

ஒலிவமலை:
யாத்திராகமம் 21:24 ‘கண்ணுக்குக் கண், பல்லுக்குப் பல்’ என்கிறது. யூத ரபிகள் அதைக் கண்ணுக்குப் பணம் என்று ஆக்கிவிட்டார்கள். வசனத்தில் பணம் எங்கே இருக்கிறது? மத்தேயு 5:38-39ல், மலைப்பிரசங்கத்தில், இயேசு வசனத்தை உள்ளபடியே எடுத்துச் சொல்லி, ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்று அதற்கு மேலே போகிறார். மூலத்துக்கு நேர்மையான வாசிப்பு இதுதான்.

எழுத்தாணி:
பணம் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது சகோதரரே. 21:18-19 பாருங்கள். சண்டையில் கல்லாலோ கையாலோ அடிபட்டுப் படுத்தவன் எழுந்து நடமாடினால், அடித்தவன் வேலை மினக்கெட்ட நஷ்டத்தையும் வைத்தியச் செலவையும் தரவேண்டும். 21:25ன் ‘காயத்துக்குக் காயம்’ நேர்ப்பொருளில்தான் என்றால் இந்தத் தொகை எதற்கு?

ரபிகளின் சட்ட விவாதத் தொகுப்பான தல்முத்தில், சேதங்களைப் பற்றிய பாபா கம்மா என்ற நூல் (83ஆ-84அ பக்கங்கள்) இன்னும் நுணுக்கமாகப் போகிறது. எண்ணாகமம் 35:31 கொலைகாரன் உயிருக்கு ஈட்டுப்பணம் வாங்காதே என்கிறது. தடை உயிருக்கு என்றால் உறுப்புக்கு வாங்கலாம். லேவியராகமம் 24 மிருகத்தை அடித்தவனையும் மனிதனை அடித்தவனையும் அடுத்தடுத்து வைக்கிறது. முன்னதற்கு ஈடு கொடுப்பதுபோலவே பின்னதற்கும். ஏற்கெனவே குருடனாக இருப்பவன் இன்னொருவன் கண்ணைக் கெடுத்தால் எதைப் பிடுங்குவது? லேவியராகமம் 24:22 எல்லாருக்கும் ஒரே நியாயம் என்கிறதே! இந்த ஆதாரங்களையும் தல்முத் அப்படியே விட்டுவிடவில்லை, ஒவ்வொன்றையும் குடைந்து மறுப்பு எழுப்புகிறது.

ஒலிவமலை:
கெட்டிக்காரத்தனம் தெரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விளைவு என்ன? பணக்காரன் காசை எறிந்துவிட்டுப் போய்விடுவான். ஒரு கண்ணுக்கு மேல் எடுக்காதே என்று பழிக்கு நியாயப்பிரமாணம் எல்லை கட்டியது, கிறிஸ்து பழியையே விடச் சொன்னார் என்று பழைய திருச்சபை அறிஞர் அகஸ்டின் விளக்குகிறார். நியாயப்பிரமாணத்தை அழிக்க அல்ல, ‘நிறைவேற்றுகிறதற்கே’ வந்தேன் என்று மத்தேயு 5:17ல் அவர் சொன்னதற்கு அர்த்தம் அதுதான். இயேசு நீதிபதியோடு பேசவில்லை, அடிபட்டவனோடு பேசுகிறார்.

எழுத்தாணி:
எறிந்துவிட்டுப் போக முடியாது. தல்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னா, அதன் பாபா கம்மா 8:1 ஐந்து தலைப்பில் கணக்குப் போடுகிறது: சேதம், வலி, வைத்தியம், வேலையிழப்பு, அவமானம். சேதத்துக்கு, அடிபட்டவன் அடிமைச் சந்தையில் முன்பு என்ன விலை, இப்போது என்ன விலை என்ற வித்தியாசம். வேலையிழப்புக்கு வெள்ளரித் தோட்டக் காவலாளின் கூலிதான். கை போனதற்கு ஈடு சேதத்திலேயே வந்துவிட்டதால் பழைய கூலியைச் சேர்த்தால் இரட்டைக் கணக்காகிவிடும். அவமானம் மட்டும் அடித்தவன் யார், அடிபட்டவன் யார் என்பதைப் பொறுத்து மாறும்.

இவ்வளவும் கொடுத்தாலும், நேரில் மன்னிப்புக் கேட்கும்வரை அவனுக்கு மன்னிப்பு இல்லை என்கிறது 8:7. ஆதியாகமம் 20ல் தன் மனைவியை எடுத்துக்கொண்ட அபிமெலேக்குக்காக ஆபிரகாம் வேண்டிக்கொண்டதை வைத்து, அடிபட்டவனும் கல்நெஞ்சனாக இருக்கலாகாது என்கிறது. அடிபட்டவனோடும் பேசுகிற சட்டம்தான் இது.

திசைகாட்டி:
இரண்டு பேரும் கோட்டை ரொம்ப நேராகப் போடுகிறீர்கள். ‘கண் என்றால் கண்ணேதான்’ என்ற ரபி எலியேசரின் சொல் தல்முத்திலேயே 84அவில் இருக்கிறது. பின்வந்தவர்கள் அதற்கு வேறு பொருள் சொன்னார்களே தவிர, சொல்லை நீக்கவில்லை. முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபு, அடிபட்டவன் பணத்துக்குச் சம்மதிக்காவிட்டால் அதே உறுப்பு போகும் என்று எழுதுகிறார். 10ஆம் நூற்றாண்டில் யூத அறிஞர் சாதியா காவோன், நேர்ப்பொருள் பேசிய பென் சூத்தா என்பவரை மடக்கியதை வேத உரையாசிரியர் இப்னு எஸ்ரா பதிவு செய்கிறார்: அடியில் பார்வையில் மூன்றில் ஒரு பங்கு போனால், கூடாமல் குறையாமல் அதே பங்கை எப்படித் திருப்பி எடுப்பாய்?

கிறிஸ்தவப் பக்கமும் ஒரே குரல் இல்லை. ‘தீமையோடு எதிர்த்து நிற்கவேண்டாம்’ என்பதைச் சீர்திருத்தவாதி லூத்தர் தனிமனிதனுக்கு வைத்து, அதிகாரியின் பதவியை அதிலிருந்து பிரித்தார். 1527ல் ஷ்லைத்ஹைம் விசுவாச அறிக்கையில், குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்காத அனபாப்டிஸ்டுகள் வாளையும் நீதிபதிப் பதவியையும் சேர்த்தே மறுத்தார்கள்.

ஒலிவமலை:
மறுத்தவர்களும் ஏற்றவர்களும் வாதாடியது கிறிஸ்து சொன்னது எதுவரை செல்லும் என்று. யாத்திராகமத்தை அவர் வழியாகத்தான் படிக்கவேண்டும் என்பதில் இருவருக்கும் சந்தேகமே இல்லை. நான் நிற்கும் இடமும் அதுதான்.

எழுத்தாணி:
அங்கேதான் நாம் பிரிகிறோம். கையில்லாமல் நீதிமன்றத்துக்கு வந்து நிற்பவனுக்கு இன்று எவ்வளவு கொடுப்பது என்பதை எனக்கு அந்த வசனமே சொல்லியாகவேண்டும்.