ரேடியோவில் கேட்டுச் சிறுத்தையைக் காட்டுபவர் வழிகாட்டியா?

பாறைநிழல்:
‘வெளிநாட்டுப் பயணத்தை மறக்க முடியாததாக ஆக்குபவர் வழிகாட்டிதான். தான்சானியாவின் செரங்கெட்டி தேசியப் பூங்காவில் எங்கள் வழிகாட்டி காலையிலேயே சிறுத்தையைக் கண்டுபிடித்துவிட்டார்’ என்று புல்வெளி இந்தக் குழுவில் எழுதியிருக்கிறார். படித்ததிலிருந்து எரிச்சலாக இருக்கிறது. அவர் எங்கே கண்டுபிடித்தார்? வேறொரு ஓட்டுநர் வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ளும் ரேடியோவில் இடத்தைச் சொன்னார், இவர் வண்டியை விரட்டினார். அவ்வளவுதான். அங்குள்ள வெர்வெட் என்னும் குரங்குகள் சிறுத்தையைக் கண்டால் ஒரு விதமாகக் கத்தும், கழுகைக் கண்டால் வேறு விதமாகக் கத்தும், பாம்புக்கு இன்னொரு விதம். அதைக் காதில் வாங்கி, அங்கே ஓடும் செரோனெரா ஆற்றோர மரங்களில் தொங்கும் வாலைத் தேடுபவர்தான் வழிகாட்டி.

புல்வெளி:
நான் சொல்லாததை என் வாயில் திணிக்க வேண்டாம். ரேடியோ இருந்தது உண்மை. ஆனால் இலைகளுக்கு நடுவே சிறுத்தை எந்தக் கிளையில் படுத்திருக்கிறது என்று காட்டியது அவர்தான். எங்களுக்கு வெறும் இலைதான் தெரிந்தது. செரங்கெட்டி 14,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்த இடம். ரேடியோ இல்லாமல் எங்கே போய்த் தேடுவது?

பாறைநிழல்:
தேடுவதுதானே சஃபாரி! ரேடியோ வந்த பிறகு யாரும் தேடுவதில்லை, கூடுகிறார்கள். கென்யாவின் மசாய் மாரா காப்பகத்தில் ஒரு விலங்கைச் சுற்றி ஐந்து வண்டிக்கு மேல் நிற்கக் கூடாது, 25 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்று விதி இருக்கிறது. ரேடியோவில் ஒருவர் வாய் திறந்தால் அந்த விதி காற்றில் பறக்கிறது. 2018-இல் அங்கே சிவிங்கிப்புலிகளை, அதாவது சீட்டாக்களைப் பற்றி ஓர் ஆய்வு வந்தது. சுற்றுலா வண்டிகள் மொய்க்கும் பகுதிகளில் ஒரு தாய் ஓர் ஈற்றில் வளர்த்து ஆளாக்கும் குட்டிகள் சராசரியாக 0.2. வண்டிகள் குறைந்த பகுதிகளில் 2.3. பகலில் வேட்டையாடும் விலங்கு அது, சுற்றிலும் என்ஜின் உறுமினால் எப்படி வேட்டையாடும்?

புல்வெளி:
அந்த ஆய்வு வண்டிகளைப் பற்றியது. ரேடியோவைப் பற்றியதல்ல.

பாறைநிழல்:
வண்டிகளை வரவழைப்பது எது? ரேடியோ.

கல்மண்டபம்:
சிறுத்தையை விட்டுக் கொஞ்சம் வெளியே வாருங்கள். ஜோர்டானின் பழைய கல் நகரமான பெட்ராவுக்குள் போகும் சிக் என்னும் பாறை இடுக்கு 1.2 கிலோமீட்டர் நீளம். தனியாக வருபவர்கள் அதன் முடிவில் பாறையில் குடைந்த ‘கருவூலம்’ என்னும் கட்டடத்தின் முகப்பைப் பார்க்கும் அவசரத்தில் வேகமாக நடந்துவிடுகிறார்கள். எங்கள் வழிகாட்டி நிறுத்தி, சுவரில் அந்நகரைக் கட்டிய நபாத்தியர்கள் வெட்டிய நீர்க்கால்வாயைக் காட்டினார். ஒட்டகக் கூட்டத்தின் சிற்பம் ஒன்று, பாதிக்கு மேல் தேய்ந்து கால்கள் மட்டும் மிஞ்சியது, அதையும் காட்டினார். முகப்பின் உச்சியில் உள்ள கல் தாழிக்குள் புதையல் இருப்பதாக நம்பி பெடுயின்கள் என்னும் பாலைவன நாடோடிகள் சுட்ட குண்டுத் தழும்புகளையும் அவர் சொல்லித்தான் பார்த்தோம். அந்தத் தாழி முழுக்க முழுக்கக் கல். நல்ல வழிகாட்டி என்றால் எனக்கு அவர்தான் நினைவுக்கு வருவார்.

பாறைநிழல்:
நானும் அதைத்தான் சொல்கிறேன். அவர் கையில் ரேடியோ இல்லை, பாருங்கள்.

கல்மண்டபம்:
பெட்ராவில் கல் எங்கே ஓடிப்போகும், ரேடியோவில் தேட? எதைச் சொன்னாலும் அங்கேயே கொண்டுவந்து நிறுத்துகிறீர்கள்.

மூடுபனி:
பாறைநிழல், ருவாண்டாவில் கொரில்லா பார்க்கப் போகிறவர்களுக்கு என்ன சொல்வீர்கள்? அதிகாலையிலேயே தடம் பார்ப்பவர்கள் காட்டுக்குள் போய், கொரில்லாக்கள் இருக்கும் இடத்தை ரேடியோவில்தான் வழிகாட்டிக்குச் சொல்கிறார்கள். 1,500 டாலர் அனுமதிச்சீட்டு வாங்கியவர்கள் அதை நம்பித்தான் மலை ஏறுகிறார்கள். அதுவும் ஏமாற்றா?

பாறைநிழல்:
ஒரு கொரில்லாக் குடும்பத்துக்கு ஒரு நாளில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அதோடு சரி. அங்கே ரேடியோ கூட்டம் சேர்ப்பதில்லை.

மூடுபனி:
அப்படியானால் குற்றம் ரேடியோவில் இல்லை, கட்டுப்பாடு இல்லாததில்தான் இருக்கிறது. நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

பாறைநிழல்:
நான் அப்படிச் சொல்லவில்லை. மாராவில் குற்றம் ரேடியோதான்.

புல்வெளி:
போன வருஷம் சிவிங்கிப்புலியின் படத்தைப் போட்டுச் சிறுத்தை என்று எழுதியவர் எங்களுக்குக் காட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறார். கண்ணிலிருந்து வாய் வரை இறங்கும் கறுப்புக் கோடு சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பாறைநிழல்:
அந்தத் தலைப்பு நான் எழுதியதல்ல, குழு நிர்வாகி மாற்றியது. அன்றே விளக்கிவிட்டேன். இரண்டு சிங்கம்தான் காட்டினார் என்று வழிகாட்டியிடம் சண்டை போட்டு டிப்ஸைக் குறைத்தவர் நீங்கள்தானே? உங்களைப் போன்றவர்களுக்குப் பயந்துதான் அவர்கள் ரேடியோவைக் காதில் வைத்துக்கொண்டே வண்டி ஓட்டுகிறார்கள்.

புல்வெளி:
டிப்ஸ் என் சொந்த விஷயம். அதை ஏன் இங்கே இழுக்கிறீர்கள்?

கல்மண்டபம்:
டிப்ஸைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நாள் முழுக்க வெயிலில் நம்மோடு நடக்கிறவரிடம் போய்க் கணக்குப் பார்ப்பது...

பாறைநிழல்:
அதை அப்புறம் பேசலாம். புல்வெளி, ஒரே கேள்வி. அன்று ரேடியோ பழுதாகியிருந்தால் அந்தச் சிறுத்தையைப் பார்த்திருப்பீர்களா?

புல்வெளி:
பார்த்திருப்போம்.

பாறைநிழல்:
பார்த்திருக்கவே மாட்டீர்கள்.