நெறியாளர் "நடை சரியில்லை" என்று மட்டும் எழுதித் தருகிறார், எதைத் திருத்துவது?

பொருநை:

எல்லோருக்கும் வணக்கம். தமிழ்த்துறையில் பகுதிநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், இது நான்காவது வருடம். 1905 முதல் 1940 வரை தமிழில் வந்த பெண்கள் இதழ்களின் விளம்பரங்கள்தான் தலைப்பு. பொருள் சேர்ப்பதில் குறை வைக்கவில்லை, வீட்டுப் பரணில் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய நகல் கிடக்கிறது. எழுத உட்கார்ந்தால்தான் வண்டி நகரமாட்டேன் என்கிறது. போன வாரம் முதல் இயலைக் கொடுத்தேன். நாற்பது பக்கத்திலும் ஓரத்தில் பென்சிலால் "நடை சரியில்லை", "ஒற்று!", "ஆதாரம்?" என்று இந்த மூன்றையே மாற்றி மாற்றி எழுதித் திருப்பிக் கொடுத்துவிட்டார். எது சரியில்லை என்று கேட்டால் "நிறைய படிம்மா, தானா வரும்" என்கிறார். நல்ல மனிதர், குறை சொல்லவில்லை. ஆனால் பள்ளிக்கூட வேலை, வீட்டில் இரண்டு வாண்டுகள், இதற்கு நடுவில் அது தானாக வரும் வரைக்கும் காத்திருக்க முடியாது.

எம்.ஏ.வில் இலக்கணத் தாளில் நல்ல மதிப்பெண்தான். நூற்பா கேட்டால் இப்போதும் ஒப்பிப்பேன். எழுதும்போது மட்டும் எங்கே ஒற்றுப் போடுவது என்று கை தடுமாறுகிறது. சந்தேகம் வந்தால் போட்டுவிடுவேன், போட்டது தப்பாகிவிடும். கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் முன்னுரையின் முதல் வாக்கியத்தைக் கீழே போடுகிறேன்:

"இவ்வாய்வின் மூலமாக இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்தப் பெண்கள் இதழ்கள் மற்றும் அவற்றில் இடம்பெற்றுள்ள விளம்பரங்களானது பெண்களை எவ்வாறு சித்தரித்துள்ளது என்பதை குறித்து ஒவ்வொரு இதழ்களாக எடுத்துக்கொண்டு ஆய்வாளரால் ஆராயப்பட்டுள்ளது என்பதை காணமுடிகிறது."

தயவுசெய்து திட்டாமல் சொல்லுங்கள்.


பிழைதிருத்தி:

திட்டவில்லை அம்மா. முப்பது வருடமாக அச்சகத்தில் மெய்ப்புப் பார்க்கிறேன், ஆய்வேடு மட்டுமே நூறு நூற்றைம்பது கடந்திருக்கும். எல்லா முன்னுரையும் இந்த வாக்கியத்தில்தான் தொடங்குகிறது, ஊர்ப் பெயர் மட்டும் மாறும்.

முதலில் ஒற்று, அதுதான் எளிது. எங்கே போடக்கூடாது என்பதை முதலில் பழகிக்கொள். வந்த, எழுதிய, இருக்கிற, கிடைக்காத என்று முடிந்து அடுத்து ஒரு பெயரைத் தேடி நிற்கிறதே பெயரெச்சம், அதற்குப் பின்னால் ஒற்று வராது. வெளிவந்த பெண்கள் இதழ். எழுதிய கட்டுரை. கிடைக்காத பிரதி. கடைசி எழுத்தை வெட்டிக் கிடைக்காப் பிரதி என்று எழுதினால் வரும், அது ஈறுகெட்டது, உனக்கே தெரியும். நீ போட்ட "வெளிவந்தப்" சந்தேகத்தின் பேரில் போட்டது, நன்றாகத் தெரிகிறது.

அடுத்து, ஐ, கு இந்த இரண்டு உருபும் வெளியே தெரிந்தால் கண்ணை மூடிக்கொண்டு போடு. பெண்களைச் சித்தரித்தன, என்பதைக் குறித்து, வாசகர்களுக்குக் கொடுத்த. உன் வாக்கியத்தில் இரண்டு இடத்தில் "என்பதை"க்குப் பின்னால் விட்டிருக்கிறாய். வேண்டாத இடத்தில் ஒன்று, வேண்டிய இடத்தில் இரண்டு பாக்கி.

மூன்றாவது வினையெச்சம். எடுத்து, படித்து, கேட்டு, விற்று இவற்றில் கடைசி உகரத்துக்கு முன்னால் த், ட், ற் என்று வல்லின மெய் நிற்கிறது பார், அப்படி இருந்தால் போடு: எடுத்துக் காட்டினார், படித்துப் பார்த்தேன். வந்து, சென்று, கண்டு, செய்து இவற்றில் மெல்லினமோ இடையினமோ நிற்கிறது, வேண்டாம்: செய்து பார்த்தேன், சென்று சேர்ந்தது. எழுதி, தேடி, கூறி என்று இகரத்தில் முடிந்தால் போடு: தேடிக் கொடுத்தார். இந்த மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசைக்கு மேலே ஒட்டிவை. மிச்சம் இருக்கிற விதிகள் ஏராளம், ஆனால் உன் நெறியாளரின் பென்சில் பாதிக்கு மேல் ஓய்ந்துவிடும்.

இனி வாக்கியம். விளம்பரங்கள் பன்மை. அதன் வாலில் "ஆனது" ஒட்டினாய், உடனே முடிவில் "சித்தரித்துள்ளது" என்று ஒருமை வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த "ஆனது" ஒரு வேலையும் செய்வதில்லை, அரசானது, சமூகமானது, பெண்ணானவள். எல்லாவற்றையும் தேடிப் பிடித்து வெட்டு. "ஒவ்வொரு" வந்தால் அடுத்து ஒருமைதான்: ஒவ்வோர் இதழாக. "மற்றும்" வேண்டியதில்லை, நமக்கு "உம்" இருக்கிறது: இதழ்களும் விளம்பரங்களும். அப்புறம் கடைசியில் ரயில் பெட்டி மாதிரி கோத்திருக்கிறாயே, "ஆராயப்பட்டுள்ளது என்பதை காணமுடிகிறது". ஆராய்ந்ததும் நீ, அதைக் காண்பதும் நீயா? எல்லாவற்றையும் தட்டி எடுத்தால் இவ்வளவுதான் மிஞ்சும்:

"இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிவந்த பெண்கள் இதழ்களின் விளம்பரங்கள் பெண்களை எப்படிச் சித்தரித்தன என்பதை இந்த ஆய்வு ஆராய்கிறது."

பிழை போய்விட்டது. வாக்கியம் இன்னும் நன்றாக இல்லை. எப்படிச் சித்தரித்தன? நான்கு வருடம் பார்த்திருக்கிறாய், உனக்குத் தெரியுமே, அதை ஏன் முதல் பக்கத்தில் மறைத்து வைக்கிறாய்? "எவ்வாறு என்பதைக் குறித்து" என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேருக்கு எவ்வாறு என்பது தெரியாது, அதனால் அப்படி எழுதுகிறார்கள். உனக்குத் தெரிந்திருந்தால் அதையே எழுது.


கரிசல்:

ஐயா சொன்னதில் ஒன்றுக்கு மட்டும் எதிர்க்கட்சி. "ஆய்வாளரால் ஆராயப்பட்டுள்ளது" அசிங்கம்தான், ஆனால் அது இவர் தப்பு இல்லை. எங்கள் துறையில் "நான்" என்று எழுதினால் அகந்தை என்பார்கள், "நாம்" என்றால் யார் அந்த நாம் என்பார்கள், கடைசியில் மிச்சம் இருப்பது "ஆய்வாளர்" என்கிற மூன்றாம் மனிதர்தான். ஐயா செய்த மாதிரி "இந்த ஆய்வு" என்பதை எழுவாயாக வைத்துத் தப்பிக்கலாம், எல்லாப் பக்கத்திலும் அதையே செய்தால் அதுவும் சலிக்கும். நெறியாளரிடம் நேராகக் கேட்டுவிடுங்கள் "நான்" போடலாமா என்று. என்னுடையவர் ஆச்சரியமாகச் சரி என்றுவிட்டார், நான்தான் மூன்று வருடம் பயந்து கிடந்தேன்.

கணினியில் அடிப்பவர் என்றால் சந்திக்கு நாவி, எழுத்துப்பிழைக்கு வாணி என்று இரண்டு திருத்திகள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன. இயலை அப்படியே ஒட்டிப் பாருங்கள். சொல்வதையெல்லாம் ஏற்கவேண்டாம், பழைய மேற்கோளில் கை வைத்துவிடும். 1920இல் ஒருவர் ஒற்று இல்லாமல் எழுதியிருந்தால் நீங்கள் மேற்கோளில் போடும்போதும் ஒற்று இல்லாமல்தான் இருக்கவேண்டும். நான் ஆர்வத்தில் எல்லாவற்றையும் திருத்திவிட்டு, மறுபடி மூலத்தோடு ஒப்பிட்டு ஒவ்வொன்றாகக் கெடுத்தேன், அதற்கு ஒரு மாதம்.

அப்புறம் கருத்துகளா, கருத்துக்களா என்று யாராவது இங்கே சண்டையை ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், எது வேண்டுமானாலும் எழுதுங்கள், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒன்றையே எழுதுங்கள். என் விருப்பம் கருத்துகள்.


பழையதாள்:

பொருநை, இரண்டு பேரும் ஒற்றுக்கும் நடைக்கும் சொல்லிவிட்டார்கள். அந்த மூன்றாவது பென்சில் குறிப்பு, "ஆதாரம்?", அதைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் அடி வாங்கினேன். நானும் பழைய இதழ்களில்தான் ஆய்வு செய்தேன்.

ஒரு கட்டுரை 1905 நவம்பரில் வந்தது. அதை மறுத்து ஒருவர் எழுதிய கடிதம் இன்னோர் இதழில், அதில் தேதி "விசுவாவசு ௵ தை ௴" என்று மட்டும் இருந்தது (௵ வருடத்துக்கும் ௴ மாதத்துக்கும் பழைய குறி). விசுவாவசு என்றால் 1905 என்று ஒரு நூலின் அடிக்குறிப்பில் பார்த்திருந்தேன், அப்படியே தை 1905 என்று போட்டுவிட்டேன். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "ஏம்மா, கட்டுரை நவம்பரில் வருகிறது, மறுப்பு அதே வருடம் ஜனவரியில் வந்துவிட்டதா, தீர்க்கதரிசியா அவர்?" என்றார். கூடமே சிரித்தது. தமிழ் வருடம் சித்திரையில், அதாவது ஏப்ரல் நடுவில் பிறக்கிறது, அதனால் தை, மாசி, பங்குனி மூன்றும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். அந்தத் தை 1906. மார்கழி இரண்டிலும் கால் வைத்திருக்கும், நாள் தெரியாமல் வருடம் போடாதீர்கள். இன்னொன்று, அறுபது வருடத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பி வரும். 1905இல் பிறந்த விசுவாவசு 1965இலும் பிறந்தது, 2025இலும் பிறந்தது. உங்கள் காலகட்டம் முப்பத்தைந்து வருடம்தான் என்பதால் அந்தக் குழப்பம் வராது, ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல் எதையாவது தொட்டால் தாளையும் அச்சகத்தையும் பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும்.

இதில் உண்மையான தப்பு கணக்கு இல்லை. யாரோ எழுதிய அடிக்குறிப்பை நம்பி மூலத்தைப் பார்த்த மாதிரி எழுதியதுதான். நீங்கள் சக்ரவர்த்தினியை எடுத்துக்கொள்வீர்கள் என்று நினைக்கிறேன், பாரதியை ஆசிரியராகக் கொண்டு 1905 ஆகஸ்டில் தொடங்கியது. அதைப் பற்றி எழுதியவர்கள் நிறைய, இதழைக் கையில் வைத்துப் பார்த்து எழுதியவர்கள் குறைவு. அதிலும் விளம்பரம் உங்கள் தலைப்பு, பெரிய சிக்கல் அங்கேதான். தொகுப்பு போடுகிறவர்கள் கட்டுரை, கதை, தலையங்கத்தை எடுத்துவிட்டு விளம்பரத்தை விட்டுவிடுவார்கள். வருடக் கணக்கில் கட்டி வைக்கும்போது பைண்டு செய்கிறவர் அட்டையையும் விளம்பரப் பக்கத்தையும் கிழித்துப் போட்டிருப்பார். அதனால் ஒரு தொகுதியில் விளம்பரம் இல்லை என்றால் இதழில் விளம்பரமே வரவில்லை என்று எழுதிவிடாதீர்கள். பக்க எண் விட்டுப்போகிறதா, முன்னால் கிழிந்த விளிம்பு இருக்கிறதா என்று பாருங்கள், இன்னொரு நூலகத்தில் இன்னொரு பிரதி கேளுங்கள். தரமணியில் ரோஜா முத்தையா நூலகம், எழும்பூரில் கன்னிமாரா, மறைமலையடிகள் நூலகம், இந்த மூன்றிலும் தேடாமல் "கிடைக்கவில்லை" என்ற சொல்லை எழுதவேண்டாம். போவதற்கு முன் தமிழ் இணையக் கல்விக்கழக மின்னூலகத்தில் ஒருமுறை தட்டிப் பார்த்துவிடுங்கள், பஸ் காசு மிச்சம்.

குறிப்பு எடுக்கும்போதே இதழ், மாலை (தொகுதி எண்), மணி (இதழ் எண்), மாதம், பக்கம், எந்த நூலகம், எந்த நாள் பார்த்தேன் என்று நகலின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதுங்கள். இரண்டு பெட்டி நிறைய இருக்கிறது என்கிறீர்கள், பயமாக இருக்கிறது, எத்தனை நகலில் பக்க எண் வெட்டுப்பட்டிருக்கிறதோ. நான் அதற்காகவே மறுபடி சென்னைக்கு நான்கு நடை.

ஜோட்டெரோ மாதிரி மென்பொருளில் நூற்பட்டியல் வைத்திருந்தால் நம் பெயர்களை அது உடைத்துவிடும். ஜகன்மோகினி இதழை 1925 முதல் நடத்திய வை. மு. கோதைநாயகி அம்மாள் என் பட்டியலில் "அம்மாள், வை. மு. கோதைநாயகி" ஆகிவிட்டார், அகரவரிசையில் அ-வுக்குப் போய்விட்டார். எல்லா அம்மாள்களும் அங்கே ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள். பெயருக்கு ஒரே கட்டம் என்று மாற்றிக்கொள்ளும் வசதி அதிலேயே உண்டு.


கரிசல்:

அம்மாள்கள் மாநாடு :) ஒரு சேர்க்கை. பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று ஆய்வேட்டைப் பார்க்கிற ஒப்புமைச் சோதனைக்குப் பயந்து மேற்கோளைக் குறைக்கிறார்கள் சிலர், வேண்டாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிப்படி 10 சதவீதம் வரை தண்டனை இல்லை, அதிலும் உரிய இடத்தைக் காட்டி எடுத்த மேற்கோளும் நூற்பட்டியலும் கணக்கில் சேராது. 10க்கு மேல் 40 வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்கச் சொல்வார்கள், 60ஐத் தாண்டினால் பதிவே ரத்து. பயப்படவேண்டியது மேற்கோளுக்கு இல்லை, நான்கு சொல்லை மாற்றிவிட்டு மேற்கோள்குறி போடாமல் விடுகிற பத்திக்குத்தான்.


பொருநை:

எல்லோருக்கும் நன்றி. பழையதாள் அக்கா, நீங்கள் சொன்ன அன்றே பெட்டியைத் திறந்து பார்த்தேன். முதல் கட்டில் பதினொரு நகலுக்குப் பக்க எண் இல்லை. அடுத்ததைத் திறக்கத் தைரியம் வரவில்லை, கோடை விடுமுறையில் சென்னைக்குப் போகவேண்டியதுதான். தை மாத விஷயத்தில் எனக்கும் இரண்டு இடத்தில் தப்பு இருந்தது, இப்போதே திருத்திவிட்டேன்.

பிழைதிருத்தி ஐயா, தாளை ஒட்டிவிட்டேன். மூத்தவன் அதைப் பார்த்துவிட்டு "அம்மாவுக்கு யார் வீட்டுப்பாடம் கொடுத்தது" என்கிறான். நீங்கள் கேட்ட "எப்படி"க்கு இரண்டு நாள் உட்கார்ந்து யோசித்தேன். எனக்குத் தெரிந்துதான் இருந்தது, ஆனால் அது ஐந்தாம் இயலில் வரவேண்டிய முடிவு என்று நினைத்து ஒளித்து வைத்திருந்தேன். இப்போது முதல் வாக்கியம் இப்படி இருக்கிறது:

"நான் பார்த்த பெண்கள் இதழ்களில் தைலத்துக்கும் சோப்புக்கும் வந்த விளம்பரங்கள் பெரும்பாலும் பெண்ணிடம் பேசவில்லை, அவளுக்கு அதை வாங்கித் தரப்போகிற கணவனிடம் பேசுகிறது."

"நான்" போட்டிருக்கிறேன். நாளைக்கு நெறியாளரிடம் கேட்கவேண்டும்.


பிழைதிருத்தி:

விளம்பரங்கள் பேசுகின்றன. பழைய சறுக்கல், "ஆனது" போன பிறகும் அதே இடத்தில் வழுக்குகிறாய். அதை மட்டும் மாற்றிவிட்டுக் கொடு. பென்சில் என்ன சொல்லிற்று என்று இங்கே வந்து எழுது.