அப்பாவின் வழியாகவும் சூலகப் புற்றுநோய் விகாரம் வருமா?

கேள்வி: கோண்டாவில் மகள்

வணக்கம். ரொறன்ரோவில் இருக்கும் என் மாமிக்கு, அதாவது அப்பாவின் தங்கைக்கு, 52 வயதில் சூலகப் புற்றுநோய் கண்டுபிடிக்கப்பட்டது. சத்திரசிகிச்சையும் கீமோவும் முடிந்து, இப்போது ஒலாபரிப் என்ற குளிசையை எடுத்து வருகிறார். அங்குள்ள வைத்தியர்கள் அவருடைய குருதியைப் பரிசோதித்து, பி.ஆர்.சி.ஏ.1 என்ற பரம்பரை அலகில் விகாரம், அதாவது பிழையான மாற்றம், இருப்பதாகக் கண்டு, இரத்த உறவினர்களிடம் சேர்ப்பிக்கும்படி ஒரு கடிதமும் கொடுத்திருக்கிறார்கள். ஊருக்கு வந்த ஒருவரிடம் மாமி அதைக் கொடுத்தனுப்பினார். அப்பா வாசித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் நாலாக மடித்து, காணி உறுதிகள் இருக்கும் றங்குப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

இது பெண்களுக்கு வருகின்ற நோய் என்பதால் தாய்வழியில்தான் வரும் என்றும், தன்னுடைய பக்கத்தில் ஒருவருக்கும் இல்லை என்றும் அம்மா உறுதியாகச் சொல்கிறார். எனக்கு 36 வயது, இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். 29 வயதான தங்கைக்குக் கலியாணம் பேசி வருவதால், வீட்டில் இதைப் பற்றிக் கதைக்கவே விடுகிறார்கள் இல்லை. அப்பம்மா வயிற்றில் தண்ணீர் கட்டி இறந்தார் என்பதற்கு மேல் எங்களுக்கு எதுவும் தெரியாது. மாமியின் கட்டியைப் பரிசோதித்த அறிக்கையில் ரி.பி.53 என்ற இன்னொரு விகாரமும் எழுதப்பட்டிருக்கிறது. அதுவும் பரம்பரையாக வருவதா? சென்ற மாதம் சுகவனிதையர் கிளினிக்கில் பாப் பரிசோதனை செய்து, எல்லாம் சரி என்றார்கள். எனக்கு அது போதுமா?

பதில் 1: ஆய்வுகூடத்தான்

சகோதரி, முதலில் அம்மாவின் கருத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. பி.ஆர்.சி.ஏ.1 இருப்பது 17ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்), அதைப் போன்ற இன்னொரு அலகான பி.ஆர்.சி.ஏ.2 இருப்பது 13ஆம் நிறமூர்த்தத்தில். இவை இரண்டும் ஆண், பெண் பால் நிறமூர்த்தங்கள் அல்ல. ஆகவே ஆணுக்குச் சூலகம் இல்லாவிட்டாலும், அவர் இந்த விகாரத்தைச் சுமந்து, தன் மகளுக்கும் மகனுக்கும் ஒரேயளவாக, அதாவது இரண்டில் ஒரு பங்கு வாய்ப்புடன், கொடுக்கலாம். தகப்பன் வழிக் குடும்பத்தில் ஆண்கள் அதிகமாக இருந்தால், நோய் ஒரு தலைமுறை முழுவதும் வெளியே தெரியாமலே கடந்துவிடுவதும் உண்டு.

இந்த அலகு சரியாக இருக்கும்போது அது உருவாக்கும் புரதம், டி.என்.ஏ.யின் இரு இழைகளும் ஒன்றாக அறுந்துபோகும் இடங்களைப் பிழையில்லாமல் ஒட்டவைக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக நமக்கு இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று பிறவியிலேயே பழுதடைந்திருப்பவரின் ஏதோ ஒரு கலத்தில் மற்றப் பிரதியும் பின்னாளில் கெட்டுப்போனால், அந்தக் கலத்தில் பிழைகள் திருத்தப்படாமல் குவியத் தொடங்குகின்றன. சூலகப் புற்றுநோய் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி, உண்மையில் சூலகத்திலிருந்து கருப்பைக்குச் செல்லும் பலோப்பியன் குழாயின் குஞ்சம் போன்ற நுனியில் இவ்வாறு ஆரம்பிப்பதாகவே இன்று கருதப்படுகிறது. மாமி எடுக்கும் குளிசையும் இதே குறையைத்தான் பயன்படுத்துகிறது: புற்றுநோய்க் கலத்திடம் மிஞ்சியிருக்கும் இன்னொரு திருத்தும் வழியையும் அது அடைத்துவிடுவதால், அந்தக் கலம் பிழைக்க முடியாமல் போகிறது.

ரி.பி.53 பற்றி அஞ்ச வேண்டாம். மிகப் பொதுவான, வேகமாக வளரும் 'உயர்தர சீரசு' வகைச் சூலகப் புற்றுநோய்களில் ஏறத்தாழ எல்லாவற்றிலும் அந்த விகாரம் காணப்படுகிறது. அது பெரும்பாலும் கட்டிக்குள்ளேயே பின்னர் தோன்றியது, பிறப்போடு வந்ததல்ல. கட்டியில் கண்டதும் குருதியில் கண்டதும் வேறு வேறு என்பதைத் தயவுசெய்து மனதில் வைத்திருங்கள். உங்களைச் சேர்வது குருதியில் கண்டது மட்டுமே.

பாப் பரிசோதனை கருப்பைக் கழுத்தை மட்டும் பார்ப்பது. அதைத் தவறாமல் செய்யுங்கள், ஆனால் சூலகத்தைப் பற்றி அது எதுவும் சொல்லாது. சி.ஏ.125 என்ற புரதத்தை அளக்கும் குருதிப் பரிசோதனையையும் ஸ்கானையும் ஆண்டுதோறும் செய்து பார்த்த பிரித்தானிய ஆய்வில், இரண்டு இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பங்குபற்றியும், இறப்புகள் குறையவில்லை என்றே 2021இல் முடிவு வெளியானது. பொதுவாக நூறு பெண்களில் ஒருவருக்கோ இருவருக்கோ வாழ்நாளில் வரும் இந்த நோய், பி.ஆர்.சி.ஏ.1 விகாரம் உள்ளவர்களில் 80 வயதுக்குள் ஏறக்குறைய 44 பேருக்கும், பி.ஆர்.சி.ஏ.2 என்றால் 17 பேருக்கும் வருகிறது என்று 2017இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று கணித்தது. மார்பகப் புற்றுநோயின் வாய்ப்பு இவ்விரண்டிலும் 70 வீதத்தை ஒட்டி நிற்கிறது.

இனிச் செய்ய வேண்டியது, றங்குப்பெட்டியைத் திறப்பதுதான். அந்தக் கடிதத்தில் எழுத்தும் இலக்கமுமாக ஒரு வரி இருக்கும். மாமியின் விகாரம் சரியாக எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அது குறிக்கும். அந்த ஓர் இடத்தை மட்டும் அப்பாவின் குருதியில் பார்த்தால் போதும். அவரிடம் இல்லையென்றால், உங்களுக்கும் தங்கைக்கும் உங்கள் பிள்ளைகளுக்கும் அந்த விகாரம் அவர் வழியாக வரவில்லை என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

பதில் 2: சுன்னாகத்து அக்கா

தங்கச்சி, அந்தக் கடிதத்தின் அருமை எனக்குத் தெரியும், ஏனென்றால் எங்களிடம் அப்படி ஒன்று இருக்கவில்லை. என் அம்மா தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்று இறந்த பிறகு, நான் ஒரு தனியார் இடத்தில் பல பரம்பரை அலகுகளை ஒன்றாகப் பார்க்கும் பரிசோதனையைச் செய்தேன். பொருள் தெளிவாகாத மாற்றம் ஒன்று இருக்கிறது என்று ஒரு தாளை நீட்டினார்கள். அது நல்லதா கெட்டதா என்று விளக்க அங்கு ஒருவரும் இருக்கவில்லை. அப்படிப்பட்ட மாற்றத்தை வைத்துச் சத்திரசிகிச்சை செய்யக்கூடாது என்பதைப் பிறகுதான் ஒரு நல்ல வைத்தியர் எனக்குச் சொன்னார். அதுவரை எட்டு மாதங்கள் நான் நித்திரை கொள்ளவில்லை.

என் சின்னம்மாவின் மகளுக்கோ பி.ஆர்.சி.ஏ.1 விகாரம் தெளிவாகவே உறுதியானது. அவர் இரண்டு பிள்ளைகள் பெற்ற பின்னர், 39 வயதில் குழாய்களையும் சூலகங்களையும் எடுத்துக்கொண்டார். பி.ஆர்.சி.ஏ.1 என்றால் 35க்கும் 40க்கும் இடையிலும், 2 என்றால் சற்றுப் பிந்தியும் இதைச் செய்வது வழக்கம் என்று அவருக்குச் சொல்லப்பட்டது. மாதவிடாய் ஒரே நாளில் நின்று, உடம்பு அனலாகக் கொதித்து, இரவில் மூன்று முறை சட்டை மாற்றியதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இலேசான காரியம் அல்ல. ஆனாலும் அவர் வருந்தவில்லை. உங்களுக்கு 36 வயது என்பதால், அப்பாவின் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பதில் 3: வடமராட்சி

தங்கையின் கலியாணத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விகாரம் இருந்தாலும் அவர் மணம் முடிக்கலாம், பிள்ளை பெறலாம். ஆனால் பேசுவது அப்பா வழி மச்சானை என்றால், அதுவும் இந்த மாமியின் மகனை என்றால், இருவரும் பரிசோதித்த பிறகு முடிவெடுப்பது நல்லது. இருவரிடமும் அதே அலகில் விகாரம் இருந்து, பிள்ளை இரண்டு பழுதான பிரதிகளையும் பெற்றால், ஃபன்கோனி இரத்தசோகை என்ற கடுமையான நோய் வரக்கூடும். அரிதானதுதான், ஆனால் சொந்தத்துக்குள் முடிக்கும் நம்மவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கோண்டாவில் மகள்

எல்லோருக்கும் நன்றி. பேசுவது வெளியிடத்து மாப்பிள்ளை. அந்தக் கவலை இல்லை. முதலாவது பதிலை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். ஆண்களும் சுமக்கலாம் என்ற இடத்தில் நிறுத்தி, இன்னொரு முறை வாசிக்கச் சொன்னார். பிறகு எழுந்து போய்க் கடிதத்தை எடுத்து வந்து, "அம்மாவுக்கு வந்ததும் இதுதானோ" என்று மட்டும் கேட்டார். வருகிற செவ்வாய்க்கிழமை கடிதத்துடன் தெல்லிப்பழைக்குப் போகிறோம்.