தாது வருஷத்துக்கு முந்தைய ஆவணங்கள் எங்கே கிடைக்கும்?

வணக்கமுங்க. எங்கள் அப்பாரு வழி முன்னோர் காங்கயம் பக்கம் இருந்தவர்கள். தாது வருஷப் பஞ்சத்தில் (1876–78) மாடுகன்றெல்லாம் செத்துப்போய், பொள்ளாச்சிப் பக்கம் குடிவந்தார்கள் என்று வீட்டில் சொல்வார்கள்.

கையில் இருப்பது ஒரே ஒரு கிரயப் பத்திரம். ஓரமெல்லாம் செல்லரித்திருக்கிறது. ‘சித்திரபானு வருஷம் ஆவணி மாதம்’ என்ற வரி மட்டும் தெளிவு. அறுபது வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்; ஆனால் மேலே விக்டோரியா ராணியின் தலை இருப்பதால் 1882தான், 1822ஓ 1942ஓ இல்லை. எழுதிக்கொடுத்தவரின் அப்பா பெயரும் அதில் இருக்கிறது. அதற்கு முந்தைய தலைமுறைதான் வேண்டும்.

1871 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிக்கையில் தொகைதான் இருக்கும், ஆள்பெயர் இருக்காது. பத்திரப் பதிவுச் சட்டம் 1860களிலேயே வந்துவிட்டது. அந்தக் காலத்துப் பதிவுக்கு காங்கயம், தாராபுரம் பக்கம் நகல் வாங்கியவர்கள் யாராவது உண்டா? எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கோயமுத்தூர் ஜில்லா ரயத்துவாரி செட்டில்மெண்ட் (குடியானவரிடமே நேரடியாக நிலவரி விதித்த முறை) பதிவேடுகளைப் பார்த்தவர்கள், எப்படிக் கேட்டு வாங்கினீர்கள் என்று சொல்லுங்கள். அப்புறம், குலகுரு வீட்டு ஏடுகளில் குடிவழி தேடிப் பார்த்தவர்கள் இருந்தாலும் எழுதுங்கள்.

அப்பாவுக்கு வயதாகிறது. பூர்வீக ஊர் எது என்று அவருக்குக் காட்டிவிட வேண்டும். பத்திரத்தின் படம் வேண்டுபவர்கள் கேளுங்கள், அனுப்புகிறேன்.