முனியாண்டி கோயில் திருவிழாவில் சைவத் துண்டறிக்கை கொடுக்கலாமா?

பெர்ஜுந்தைப் பையன்:

வணக்கம். நான் மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா பக்கம். வீட்டில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்வார்கள். கிள்ளானில் ஒரு கல்லூரியில் டிப்ளோமா படிக்கிறேன். ஏழெட்டுப் பேர் சேர்ந்து விலங்குரிமைக்கும் சைவ உணவுக்கும் ஒரு குழு ஆரம்பித்திருக்கிறோம். கல்லூரியில் மேசை போட்டுப் பேசினோம், நன்றாகவே போனது. அடுத்த விடுமுறையில் எங்கள் ஊரில் செய்யலாம் என்று பேச்சு. பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மேசை, அப்புறம் தோட்டத்து முனியாண்டி கோயில் திருவிழாவில் துண்டறிக்கை. கிடா வெட்டும் நாள் என்பதால் அங்கே போயே ஆக வேண்டும் என்கிறாள் ஒரு தோழி. வெட்டிய ஆட்டின் படத்தைப் பெரிதாக அச்சடித்துப் பிடித்துக்கொண்டு நிற்கலாம் என்பது இன்னொருவன் யோசனை.

எனக்குத்தான் வயிற்றைக் கலக்குகிறது. கோயில் நிர்வாகத்தில் என் தாய்மாமா இருக்கிறார். பெரியப்பா செம்பனைத் (எண்ணெய்ப்பனை) தோட்டத்துக்குள் ஆடு மேய்ப்பவர், திருவிழாவுக்கு வரும் கிடாய்களில் பாதி அவர் கொடுப்பதுதான். "நீ கறி சாப்பிடாமல் இரு, யார் வேண்டாம் என்றது? ஊர் வாயில் எதற்குப் போய் விழுகிறாய்?" என்கிறார் அம்மா.

நான் கறியை விட்டது விட்டதுதான், அதில் மாற்றம் இல்லை. ஆனால் எங்கிருந்து தொடங்குவது? கோயிலுக்குப் போகலாமா? தோட்டத்து ஆட்களிடம் இதைப் பேசிய அனுபவம் யாருக்காவது இருந்தால் சொல்லுங்கள்.

ஈஜோக்காரன்:

தம்பி, நேர்த்திக்கடன் வைத்து வந்தவன் கையில் துண்டறிக்கை கொடுத்தால் அதிலேயே திருநீறு மடித்துக்கொண்டு போவான். முனியாண்டிக்கு ஒரு சேவல் அறுத்தால் கொடுமை, மாலில் வாளி வாளியாகப் பொரித்த கோழி வாங்கினால் நாகரிகமா? மேசையை அங்கே கொண்டுபோய்ப் போடுங்களேன். காவலாளி எவ்வளவு நேரம் விடுகிறான் என்று நானும் பார்க்கிறேன்.

சாப்பாட்டுக்கடை அக்கா:

ஈஜோக்காரர் சூடாகச் சொன்னாலும் அதில் விஷயம் இருக்கிறது தம்பி. நான் நம் ஊரில்தான் சாப்பாட்டுக்கடை வைத்திருக்கிறேன். கோழியும் சமைப்பேன், மீனும் சமைப்பேன், வெள்ளிக்கிழமை முழுச் சைவம். அதனால் என்னை உங்கள் கட்சியில் சேர்த்துவிடாதீர்கள். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் அந்தப் படம். ஆடு வெட்டுவதை எங்களுக்கா படம் போட்டுக் காட்டப் போகிறீர்கள்? நான் லயத்தில், தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவள். தீபாவளிக்கு நாலைந்து குடும்பம் சேர்ந்து ஓர் ஆடு பிடிப்பார்கள். விடியுமுன் வெட்டி உரித்து, தரையில் மட்டையைப் பரப்பி, அதன்மேல் வாழையிலை விரித்துக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு கூறிலும் ஈரல் ஒரு துண்டு, கொழுப்பு ஒரு துண்டு, நெஞ்செலும்பு ஒன்று, குடலில் ஒரு சாண். ஒரு கூறு கொஞ்சம் பெருத்துத் தெரிந்தால் அப்பா அதில் கிள்ளி அடுத்ததில் வைப்பார். அதற்கப்புறமும் சண்டை வரும், அது வேறு கதை. அந்த ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டதும் நாங்கள்தான், அது கத்தியதைக் கேட்டதும் நாங்கள்தான். சம்பளம் போட்ட ஞாயிறு கோழி. மற்ற நாளெல்லாம் பருப்பும் கருவாடும். அப்படி வளர்ந்தவளிடம் "உங்கள் தட்டில் இருப்பது ஓர் உயிர்" என்று ஒரு காகிதத்தை நீட்டினால், "தெரியும், தள்ளு" என்றுதான் சொல்வேன்.

எங்களுக்குத் தெரியாதது கோழிப்பண்ணை. அதைப் பேசுங்கள். கறிக்கோழி ஐந்தாறு வாரத்தில் வெட்டுக்கு வந்துவிடுகிறது, நாங்கள் லயத்தில் வளர்த்த நாட்டுக்கோழி அந்த வயதில் தாய்க்குப் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். முட்டைக்காக வளர்க்கும் இனத்தில் சேவல் குஞ்சு பிறந்தால் அன்றைக்கே கொன்றுவிடுகிறார்கள். அது முட்டையும் போடாது, சதையும் பிடிக்காது, தீனி தண்டம் என்ற கணக்கு. ஜெர்மனியில் 2022 முதல் அதற்குத் தடை. கூண்டில் அடைத்த முட்டைக்கோழிக்குக் கிடைக்கும் இடம் ஏறக்குறைய ஓர் ஏ4 தாள். ஐரோப்பிய ஒன்றியம் அந்த மாதிரி வெறுங்கூண்டை 2012-லேயே நிறுத்திவிட்டது. கடைக்குத் தட்டுத் தட்டாக முட்டை வாங்கும் எனக்கே இதெல்லாம் என் மகள் சொல்லித்தான் தெரியும். ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும் என்று நினைக்கிறீர்கள்?

தெரிந்தாலும் கண்ணை மூடிக்கொள்வது ஒன்று இருக்கிறது. கோழி லாரி வரும் நேரம் சந்தைப் பக்கம் போய் நில்லுங்கள். இரண்டு இறக்கையையும் முதுகில் பின்னிப் பிடித்து ஒரே வீச்சில் தராசில் போடுவான். அடிக்கூடையில் இருப்பது சில நாள் செத்தே கிடக்கும், மேலே இருப்பதன் எச்சம் முழுக்க அதன் தலையில். இதைப் பார்த்து முகம் சுளிக்காத கறி தின்னி யாரும் இல்லை. நம் நாட்டின் 2015-ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடப்புக்கு வந்துவிட்டது. கொடுமைக்கு 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். புகாரைக் கால்நடைச் சேவைத் துறையில் கொடுக்க வேண்டும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு பக்கம் அடித்துக் கொடுங்கள். தினமும் கறி தின்கிறவனும் வாங்கி மடித்து வைப்பான்.

கோயிலை இப்போதைக்கு விடுங்கள் என்பது என் கட்சி. பயந்து சொல்லவில்லை. தோட்டத்துக் கோயில்கள் பலவற்றில் வெட்டு தானாகவே குறைந்துவிட்டது. குருக்கள் வைத்துக் கும்பாபிஷேகம் செய்த இடங்களில் கிடாவுக்குப் பதில் பூசணிக்காயில் குங்குமம் தடவி உடைக்கிறார்கள். உள்ளே உட்கார்ந்து பேசி அவர்களே எடுத்த முடிவு அது. வெளியிலிருந்து காகிதத்தோடு யாராவது வந்து நின்றால், விட நினைத்தவனும் வீம்புக்குப் பிடித்துக்கொள்வான். இன்னொன்றும் இருக்கிறது, யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சைவம் என்றால் உயர்வு, கறி என்றால் தாழ்வு என்று சாதியோடு சேர்த்துக் கேட்டுக் கேட்டுக் காய்த்துப்போன காதுகள் இங்கே உண்டு. நீங்கள் ஆட்டைப் பற்றிப் பேசுவதாக நினைப்பீர்கள். முன்னால் நிற்கிற கிழவருக்குத் தன் அப்பனைத் திட்டுவதாகக் கேட்கும். உங்கள் தாய்மாமாவிடம் தனியாக வீட்டில் பேசுங்கள், அது வேறு.

சரி, சைவத்துக்கு வருவோம். உங்கள் ஆட்கள் கல்லூரியில் மத்தியானம் என்ன சாப்பிடுகிறார்கள்? புரட்டாசி மாதத்தில் மாணவர்கள் விடுமுறைக்கு வந்து என் கடையில் புலம்புவார்கள். நாசி லெமாக் சம்பலில் நெத்திலி, கங்கோங் கீரைப் பிரட்டலில் பெலாச்சான் என்ற இறால் விழுது, ரொட்டி சானாய்க்குப் பருப்பு ஊற்றச் சொன்னால் மீன் கறியில் விட்ட கரண்டியாலேயே ஊற்றுவார்கள். கடைசியில் வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்கு, அப்பளம். ஏற்கெனவே நம் ஆட்களுக்குத்தான் நாட்டில் இனிப்புநீர் நோய் அதிகம், அந்தத் தட்டைப் பார்த்து யார் சைவத்துக்கு வருவார்கள்? துண்டறிக்கை அடிக்கும் காசில் கேன்டீன் அக்காவிடம் போய், "வாரத்துக்கு ஒரு நாள் ஒரு பருப்பு, ஒரு தெம்பே (புளிக்கவைத்த சோயா), தனிக் கரண்டி, இருபது தட்டுக்கு நாங்கள் பொறுப்பு" என்று சொல்லிப் பாருங்கள். வியாபாரிக்குப் பிரச்சாரம் புரியாது, இருபது தட்டு புரியும்.

ஊரிலும் அப்படியே. செவ்வாய், வெள்ளி, புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி, தைப்பூச விரதம் என்று எண்ணிப் பார்த்தால் நம் ஆட்கள் வருஷத்தில் நிறைய நாள் கறி தொடுவதில்லை. சீனர்கள் அவர்களுடைய ஒன்பதாம் மாதத்தில் ஒன்பது நாள் சைவம் இருக்கும்போது கடைகளில் மஞ்சள் கொடி பறக்கும், நம் ஆட்களும் போய் வாங்கித் தின்பார்கள். யாரையும் அடியோடு மாறச் சொல்லாமல், இருக்கிற நாட்களோடு இன்னொரு நாளைச் சேர்க்கச் சொல்லுங்கள். சண்டையில்லாமல் காரியம் நடக்கும்.

தமிழ் வாத்தியார்:

அம்மையார் சொல்வதில் பெரும்பாலும் உடன்பாடே. ஆயினும் வள்ளுவரை விட்டுவிட்டு ஒரு சைவப் பிரச்சாரமா? புலால் மறுத்தல் அதிகாரத்தில் பத்துக் குறள் இருக்கிறது. துண்டறிக்கையின் முகப்பில் அதைப் போடுங்கள். தமிழ்ப்பள்ளியில் படித்த எவரும் மறுக்க மாட்டார்.

சாப்பாட்டுக்கடை அக்கா:

போடட்டும் சார், அழகாக இருக்கும். ஆனால் வள்ளுவர் அந்த அதிகாரத்தைத் துறவறவியலில் அல்லவா வைத்தார்? இல்லறவியலில் இருப்பவர்கள்தான் என் கடைக்கு வருகிறார்கள்.

வெளிக்காட்டு மண்டோர்:

அக்கா பதிலுக்கு ஒரு விருப்பம் போட்டுவிட்டேன். என் பங்குக்கு ஒன்று. சைவச் சாப்பாட்டை எந்த எண்ணெயில் பொரிக்கிறீர்கள் தம்பி? நாட்டிலேயே முதன்முதலாக வியாபாரத்துக்கு என்று 1917-இல் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் நம் ஊர்ப் பக்கம்தான். காடு இருந்த இடம் இதெல்லாம். ஆகவே இலையில் கறி இல்லை என்றதும் கை சுத்தம் என்று ஆகிவிடாது.

சும்மா குத்திக்காட்டச் சொல்லவில்லை. தோட்டத்துக்குள் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள், கூகை கூடு கட்டுவதற்கு. எலி செம்பனைப் பழத்தைக் கடித்து நாசம் செய்யும், கூகை எலியைப் பிடிக்கும். ஆனால் எலி கூடிவிட்டால் மருந்துக் கட்டியும் போடுவார்கள். கடுமையான மருந்தைத் தின்ற எலியைத் தின்று கூகையும் சாகிறது. காலையில் பெட்டிக்கு அடியில் இறக்கை விரித்தபடி கிடந்த ஒன்றை நானே எடுத்துப் புதைத்திருக்கிறேன், குஞ்சுகள் பெட்டிக்குள் சீறிக்கொண்டிருந்தன. பெட்டியை அதிகமாக்கு, மருந்தைக் குறை என்று தோட்ட நிர்வாகத்துக்கு மாணவர்கள் ஒரு கடிதம் கொடுத்தால் நிர்வாகத்துக்கும் செலவு மிச்சம். எங்களை மாதிரி ஆட்கள் சொன்னால் காதில் ஏறாது.

இன்னொன்று நாய். லயத்தை உடைத்து ஆட்களை அடுக்குமாடிக்கு அனுப்பினார்களே, மாட்டை வந்த விலைக்கு விற்றார்கள், நாயை என்ன செய்தார்கள்? விட்டுவிட்டுத்தான் போனார்கள், மேலே ஏற்ற விடவில்லை. அந்த நாய்களின் குட்டிகளும் பேரக்குட்டிகளும்தான் இப்போது சந்தைக்குப் பின்னால் திரிகின்றன. நகராண்மைக் கழக லாரி வந்து பிடித்துக்கொண்டு போகும், மறு மாதம் வேறு கூட்டம். நாலு பெட்டை நாய்க்குக் கருத்தடை செய்து கொண்டுவந்து விட்டால் ஊரே உங்களைத் தெரிந்துகொள்ளும். என்னிடம் பழைய வேன் இருக்கிறது. எண்ணெய்க் காசு மட்டும் நீங்கள் போடுங்கள்.

பெர்ஜுந்தைப் பையன்:

எல்லாருக்கும் நன்றி. குழுவில் காட்டினேன், பெரிய சண்டை. "கறி தின்பவர்களைக் கேட்டு விலங்குரிமை நடத்துவதா? ஒரு நாள் சைவம் என்பது ஒரு நாள் திருடாமல் இருப்பது மாதிரி" என்று தோழி பிடிவாதமாக இருக்கிறாள். அவள் சொல்வதிலும் நியாயம் இருப்பதாகத்தான் எனக்குத் தோன்றுகிறது. இருந்தாலும் ஆட்டுப் படம் வேண்டாம் என்று ஓட்டெடுப்பில் முடிவாகிவிட்டது. கோயிலுக்கு இந்த முறை போகவில்லை. கோழி பற்றியும் சட்டம் பற்றியும் ஒரு பக்கத் தாள் தயாராகிறது. மண்டோர் அண்ணனுக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறேன்.

அக்கா, பசார் மாலாமில் மேசை போட நகராண்மைக் கழக உரிமம் வேண்டுமாம், எங்களுக்குக் கிடைக்காது போலிருக்கிறது. என்ன செய்யலாம்? அப்புறம், நீங்கள் சைவ நாளில் முட்டை சேர்ப்பீர்களா? தோழி கேட்கச் சொன்னாள்.

சாப்பாட்டுக்கடை அக்கா:

முட்டை கிடையாது. தயிர், நெய் உண்டு. பால் பொருளும் கூடாது என்றால் அவளுக்கு மட்டும் தேங்காய்ப்பாலில் தனியாகச் செய்து தருகிறேன், முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்படி இருப்பவள் பி12 மாத்திரை எடுக்கிறாளா என்றும் கேளுங்கள். அது செடிகொடியிலிருந்து கிடைக்காது. மயங்கி விழுந்தால் உங்கள் பிரச்சாரம் அதோடு முடிந்தது.

உரிமத்துக்கு அலைய வேண்டாம். பசார் மாலாமில் என் கடைக்குப் பக்கவாட்டில் மூன்றடி இருக்கிறது, உங்கள் தாளை அங்கே அடுக்குங்கள். அன்றைக்குச் சோயா குருமாவும் தெம்பே பிரட்டலும் நான் போடுகிறேன், பொட்டலம் ஐந்து வெள்ளி. நீங்கள் பொட்டலம் கட்ட ஆள் கொடுங்கள், ஒவ்வொரு பொட்டலத்தோடும் உங்கள் தாள் ஒன்று போகட்டும். வாங்க வந்தவன் வாய்திறந்து கேட்டால் பேசுங்கள், கேட்காதவனைப் பிடித்து நிறுத்தாதீர்கள், பின்னால் வரிசை நிற்கும். நாலு மணிக்கெல்லாம் வந்துவிடுங்கள். வெங்காயம் உரிக்கத் தெரிந்தவர்கள் மூன்று மணிக்கு.